விமானத்தில் இடம் கிடைக்காத ரேச்சல்

ஜான் விண்டம் எழுதிய 'தி கிரிசலிட்ஸ்' நாவலைப் படித்தவர்களிடம் ரேச்சலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு அந்தப் பெயரே நினைவிருக்காது. கதை சொல்லும் டேவிட் நினைவிருப்பான், அவன் காதலி ரோசலிண்ட் நினைவிருப்பாள், காலில் ஆறு விரலோடு பிறந்த சோஃபியை யாராலும் மறக்க முடியாது. ரேச்சல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வருகிறாள். ஆனால் அந்த நாவல் எனக்கு இன்னும் முடியாமல் இருப்பதற்குக் காரணம் அவள்தான். மனத்தால் பேசிக்கொள்ளும் ஒதுக்கப்பட்டவர்கள், அவர்களை வேட்டையாடும் ஆட்சி, அழிந்துபோன உலகம் என்று வருகிற கதைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். இப்போது அவை எல்லாவற்றையும் ரேச்சல் நிற்கிற இடத்திலிருந்துதான் பார்க்க முடிகிறது.

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக் கூடத்தில், சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளோடு கதை படிக்கிறேன். பெரும்பாலும் பதின்ம வயதினர். பக்கத்து மாடிகளிலிருந்து வருவார்கள். கரிப்பாப்பும் தே ஓவும் இருந்தால் இன்னும் நான்கு பேர் கூட வருவார்கள். ஜப்பானிய அனிமேயில் ஊறிய பிள்ளைகள் என்பதால் "உலகம் அழிஞ்ச பிறகு வர்ற கதை ஒண்ணு படிக்கலாம்கா, அதுல மைண்ட் பவர் இருக்கணும்" என்று அவர்களே கேட்டார்கள். சரி என்று விண்டமை எடுத்தேன். ஆங்கிலத்தில் ஓர் அத்தியாயத்தை நான் படித்துவிட்டு வந்து தமிழில் சொல்வேன். நடுநடுவே சில பக்கங்களை அவர்களே வாய்விட்டுப் படிப்பார்கள்.

நாவல் வெளிவந்தது 1955இல். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து பத்தே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். அணு யுத்தம் என்று யாரும் பெயர் சொல்லாத ஒரு பேரழிவு நடந்து, பல தலைமுறைகள் கழிந்த பிறகு கதை தொடங்குகிறது. லாப்ரடாரில் வாக்னுக் என்றொரு விவசாய ஊர். கடவுளின் உருவத்திலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும் பாவம் என்பது ஊர்ச்சட்டம். விலகி முளைத்த பயிரை எரிப்பார்கள், விலகிப் பிறந்த கன்றை வெட்டுவார்கள், விலகிப் பிறந்த மனிதரை எல்லைக்கு அப்பாலுள்ள காட்டுப் பகுதிக்குத் துரத்துவார்கள். இதற்கென்று ஓர் ஆய்வாளர் இருக்கிறார். ஒவ்வொரு குழந்தையையும் அவர் பார்த்து, சரியான பிறவிதான் என்று சான்றிதழ் தர வேண்டும். அந்தக் காகிதம் வரும்வரை பிறந்த குழந்தை பிறக்காத குழந்தைதான். டேவிட்டின் தங்கை பெட்ரா பிறந்தபோது அந்த வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் அவள் பிறந்ததாகவே ஆனது.

ஈரக் கால்தடம்

சோஃபி மாட்டிக்கொள்ளும் இடத்தைப் படித்தபோது கூடத்தில் சத்தமே இல்லை. அவளும் டேவிட்டும் ஓடையில் விளையாடுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கியிருக்கிறாள். அங்கே வந்துசேர்கிற ஆலன் என்ற பையன் பாறையில் பதிந்திருக்கும் ஈரத்தடத்தைப் பார்க்கிறான். ஆறு விரல். வெயில் கொஞ்சம் முன்னதாகவே காய்ச்சியிருந்தால் தடம் உலர்ந்து போயிருக்கும், ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். ராணுவம் இல்லை, உளவாளி இல்லை. ஒரு பாறை, கொஞ்சம் தண்ணீர், பார்க்கக்கூடாத நேரத்தில் பார்த்த இன்னொரு குழந்தை. கொடுங்கோல் ஆட்சி என்பது அரண்மனையில் இருக்கிறவரால் மட்டும் நடப்பதில்லை, விளையாட வந்த பையனின் கண் வழியாகவும் நடக்கிறது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன இடம் இந்த வகைக் கதைகளில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

டேவிட்டிடம் இருக்கும் விலகல் வெளியே தெரியாது. அவனும் அங்கங்கே பண்ணைகளில் சிதறிக் கிடக்கும் இன்னும் சில பிள்ளைகளும் பேசாமலே ஒருவர் மனத்தை ஒருவர் அறிகிறார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய ஆற்றல். யாரையும் வீழ்த்த முடியாது, எதையும் நகர்த்த முடியாது, எதிர்காலம் தெரியாது. இது கூடத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். "இதுல என்னக்கா பவர் இருக்கு? வாட்சாப் மாதிரிதானே" என்றாள் ஒருத்தி. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பிறந்த வீட்டிலேயே பெற்ற தகப்பனுக்குப் பயந்து வாழ்கிற ஒரு பையனுக்கு, மூன்று பண்ணை தள்ளி இன்னொருத்தியும் இதே மாதிரி பயந்துகொண்டிருக்கிறாள் என்று இரவில் படுத்தபடியே தெரிகிறது. ஒதுக்கப்பட்டவர்களுக்கு அதைவிடப் பெரிய பலம் எது? ஆட்சி அவர்களைத் தனித்தனியாகப் பிடித்து, தனித்தனியாகக் குற்றவாளி ஆக்குகிறது. தாங்கள் தனி ஆள் இல்லை என்பது மட்டும்தான் அவர்களிடம் இருக்கிறது.

இரண்டு நாள் கடன்

பெட்ரா பிறந்து, சான்றிதழும் வந்த பிறகு, டேவிட்டின் தாயைப் பார்க்க அவளுடைய சகோதரி ஹேரியட் வருகிறாள். மடியில் அவளுடைய கைக்குழந்தை. இதற்கு முன் அவள் பெற்ற இரண்டையும் ஆய்வாளர்கள் நிராகரித்துவிட்டார்கள். இதுவும் போனால் கணவன் அவளைத் தள்ளிவைத்துவிடலாம். இந்தக் குழந்தையின் உடம்பில் ஏதோ ஒரு சிறு குறி. அது என்னவென்று விண்டம் சொல்வதே இல்லை. ஹேரியட் கேட்பது ஒன்றே ஒன்று: பெட்ராவை ஓரிரு நாள் எனக்குக் கொடு, என் ஊர் ஆய்வாளரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன். தாய் கொதித்துப் போகிறாள். தகப்பன் வந்து பாவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறான். ஹேரியட் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். பிறகு அவளை ஆற்றிலிருந்து எடுத்தார்கள் என்ற செய்தி வருகிறது. குழந்தையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்ததாக மனத்தொடர்பைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள், வழக்கமாகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றும் பேசாத ஒரு பையன் கேட்டான்: "அக்கா, அவங்களுக்கு அந்தக் கடுதாசிதானே வேணும்? ரெண்டு நாள் குடுத்தா என்ன?"

"குடுத்தா அவங்க எல்லாரும் மாட்டிக்குவாங்கலா" என்றாள் முன்னால் இருந்தவள்.

"மாட்டினா மாட்டட்டும். அந்தம்மா வேற யார்கிட்ட போவாங்க?"

அப்புறம் அவன் தன் அக்காவைப் பற்றிச் சொன்னான். அம்மாவின் பிறப்பு எங்கேயும் பதிவாகவில்லை. அப்பா இந்த நாட்டுக் குடிமகன். ஆனால் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதியவில்லை. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு இங்கே தாயின் குடியுரிமைதான். தாய்க்கே ஒன்றும் இல்லாதபோது பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? அக்காவின் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்காநெகாரா', குடிமகள் அல்ல, என்று அச்சடித்திருக்கிறதாம். கூடப் படித்த எல்லோரும் பன்னிரண்டு வயதில் ஐ.சி. என்ற அடையாளக் கார்டை எடுக்கப் போனபோது அவள் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டாளாம். இப்போது வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் முதல் கேள்வியே ஐ.சி. எங்கே என்பதுதான். "எங்கம்மா யார் யார்கிட்டயோ போய்ப் புள்ளைய உங்க பேர்ல எழுதிக்குங்கன்னு கேட்டிருக்காங்க. ஒருத்தரும் ஒத்துக்கல" என்றான். குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. விலாசம் சொல்வதைப்போல் சொன்னான்.

அன்றைக்கு நாங்கள் மேற்கொண்டு படிக்கவில்லை.

வாக்னுக்கைக் கற்பனை என்று நினைத்துப் படிக்கிற வசதி நம்மில் பலருக்கு இல்லை. இந்த நாட்டில் அடையாளக் கார்டு வந்ததே 1948இல், அவசரகாலச் சட்டத்தின் கீழ்தான். பன்னிரண்டு வயது நிரம்பிய எல்லோரும் பதிய வேண்டும், யார் எந்தப் பக்கம் என்று பிரித்தறிய வேண்டும் என்பது நோக்கம். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரத்தில், தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தத் தாளின் அருமையைச் சொல்ல ஆளில்லை. என் பாட்டி இங்கேயே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். கடைசிவரை குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்புக் கார்டுதான். ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கவே பெர்மிட் வேண்டும் என்றானபோது, சிறுவயதிலிருந்து பால் வெட்டிய அதே மரத்தை வெட்ட அவருக்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அந்த நாள்களில் பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

உலகம் அழிந்ததையும் பாட்டி பார்த்திருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி அவர் பேசும்போது மரவள்ளிக்கிழங்கு, சாக்குத்துணி, வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு, இவைதான் திரும்பத் திரும்ப வரும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆள்களை வரிசையாக நிறுத்தி சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றியதைச் சொல்லும்போது மட்டும் பெயர்களாக அடுக்குவார். 415 கிலோமீட்டர் பாதை அது. 1943இல் போட்டு முடித்தபோது தோட்டம் தோட்டமாக ஆண்கள் இல்லாமல் போயிருந்தார்கள். பேரழிவுக்குப் பிந்தைய உலகம் எப்படி இருக்கும் என்று எழுத உட்காரும் மலேசியத் தமிழ் எழுத்தாளர் இடிந்த நியூயார்க்கைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. வீட்டில் பாட்டி இருந்தால் போதும்.

உள்ளங்கையில் எண்

எலும்பிலும் தோலிலும் இலக்கம் போட்டா வைத்திருக்கிறது என்று சாதி பார்த்தவர்களைக் கேட்டார் சிவவாக்கியர். கட்சுஹிரோ ஓட்டோமோவின் ஜப்பானியச் சித்திரக்கதையான 'அகிரா'வில் போட்டே வைத்திருக்கிறார்கள். அதில் அரசாங்கம் பரிசோதனை செய்து வளர்த்த பிள்ளைகளின் உள்ளங்கையில் எண் இருக்கும். 26ஆம் எண் தகாஷி, 27ஆம் எண் மசாரு. உடம்பு குழந்தை, முகம் கிழவன். கூடத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை அத்துப்படி. தெட்சுவோ என்ற அநாதைப் பையன் விபத்தில் அடிபட்டு, அரசாங்கத்திடம் மாட்டி, மனத்தால் கட்டடங்களைப் பிளக்கும் ஆற்றல் பெறுகிறான். 1982இல் தொடங்கி 1990வரை வந்த சித்திரக்கதையில், நகரம் அழிந்த பிறகு அதன் இடிபாடுகளில் அவனே ஒரு பேரரசை நடத்துகிறான். நேற்றுவரை எல்லோரிடமும் உதை வாங்கியவன். இன்றைக்கு அவன் எதிரே நிற்கிறவர்கள் நடுங்குகிறார்கள்.

டேவிட்டுக்கும் தெட்சுவோவுக்கும் நடுவில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. டேவிட்டின் ஆற்றல் அவனுக்குத் துணையைக் கொண்டு வருகிறது. தெட்சுவோவின் ஆற்றல் அவனுக்கு இருந்த கூட்டாளிகளையும் பிடுங்கிவிடுகிறது. முதலாவது ஆயுதமே இல்லை, ஆனால் ஆட்சி அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறது. இரண்டாவது முழுக்க முழுக்க ஆயுதம். அது கடைசியில் இன்னொரு ஆட்சியாகத்தான் முடிகிறது.

இதை இன்னும் ஆழமாகத் தோண்டியவர் ஆக்டேவியா பட்லர். 1976இல் வந்த அவருடைய முதல் நாவல் 'பேட்டர்ன்மாஸ்டர்'. அங்கே மனத்தால் பிணைந்தவர்கள்தான் ஆளும் வர்க்கம். ஆற்றல் இல்லாத சாதாரண மனிதர்களுக்கு அங்கே பெயர் ஊமைகள். அவர்கள் அடிமை வேலை செய்கிறார்கள். ஆளுகிறவர்களுக்குள்ளும் பலமுள்ளவன் பலமில்லாதவனின் மனத்தை மிதிக்கிறான். அடுத்த ஆண்டு வந்த 'மைண்ட் ஆஃப் மை மைண்ட்' இந்தப் பிணைப்பு எப்படித் தொடங்கியது என்று சொல்கிறது. துவக்கத்தில் அவர்கள் பிறர் வலியெல்லாம் தலைக்குள் இரைந்துகொண்டே இருக்க, பித்துப் பிடித்து, குடித்து, சிதறிக் கிடந்தவர்கள். பிணைப்பு அவர்களைக் காப்பாற்றுகிறது, கூடவே மேலே ஒருத்தியை உட்கார வைத்துவிடுகிறது. துணையே சங்கிலியாவதை பட்லர் கண்ணெடுக்காமல் பார்க்கிறார். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல் அவர். ஒதுக்கப்பட்டவன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும் என்ற சலுகையை அவர் யாருக்கும் தரவில்லை. எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

ஏ. இ. வான் வோக்டின் 'ஸ்லான்' 1940இல் பத்திரிகைத் தொடராக வந்தபோது, கூந்தலில் உணர்கொம்பு முளைத்த, வேட்டையாடப்படும் அந்த மேதைகளில் அறிவியல் புனைவு ரசிகர்கள் தங்களையே கண்டார்கள். ரசிகர்கள்தான் ஸ்லான்கள் என்று அவர்களுக்குள் ஒரு முழக்கமே உண்டு. இந்த வகைக் கதைகளில் இருக்கிற ஆபத்து அதுதான் என்று நினைக்கிறேன். படிக்கிற ஒவ்வொருவரும் ஆற்றல் உள்ளவன் பக்கம் போய் நின்றுகொள்கிறோம். ஹேரியட்டாக யாரும் நிற்பதில்லை.

எரிந்த கடிதம்

இனி ரேச்சல். மனத்தால் பேசுகிற அந்தக் கூட்டத்தில் ஆன், ரேச்சல் இருவரும் அக்கா தங்கை. ஆன் ஒரு சாதாரண ஆளைக் கட்டிக்கொள்கிறாள். ஈரத்தடத்தைப் பார்த்தானே, அதே ஆலன்தான். மற்றவர்களிடமிருந்து மனத்தை மூடிக்கொள்கிறாள். ரகசியத்தையும் அவனிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. ஆலன் கொல்லப்படுகிறான். தன் கூட்டத்தார்தான் செய்தார்கள் என்று நம்பி, எல்லோரையும் காட்டிக்கொடுத்து ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுத் தூக்கில் தொங்குகிறாள். அந்தக் கடிதம் ரேச்சலின் கைக்கு வந்துசேர்கிறது. அக்காவின் உடல் ஒரு பக்கம், அக்கா கடைசியாக எழுதியது ஒரு பக்கம். ரேச்சல் அந்தக் கடிதத்தை எரிக்கிறாள். இதற்கு விண்டம் ஒதுக்குவது சில வரிகள்தான். எந்த மந்திர ஆற்றலும் அதில் இல்லை. செத்துப்போன அக்காவின் கடைசி வார்த்தையை உயிரோடிருக்கும் தோழர்களுக்காகத் தன் கையாலேயே அழித்துவிட்டு, வெளியே வந்து சாதாரணமாக அழ வேண்டும். அந்தப் புத்தகத்தில் இதைவிடத் தைரியமான காரியத்தை யாரும் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

பிறகு எல்லாம் வெளிப்பட்டு வேட்டை தொடங்குகிறது. சிலர் பிடிபட்டுச் சித்திரவதைப் படுகிறார்கள். டேவிட், ரோசலிண்ட், பெட்ரா காட்டுக்குள் ஓடுகிறார்கள். பெட்ராவின் மனக்குரல் அசாத்தியமானது. அது உலகின் மறுகோடியில் இருக்கும் சீலாந்துவரை, அதாவது நியூசிலாந்துவரை எட்டுகிறது. அங்கே இருப்பவர்கள் எல்லோருமே மனத்தால் பேசுகிறவர்கள். அவர்கள் விமானத்தில் வருகிறார்கள். மேலிருந்து ஒட்டும் நூல்கள் விழுகின்றன. நூல் இறுக இறுகக் கீழே சண்டை போட்டுக்கொண்டிருந்த துரத்தியவர்களும், துரத்தப்பட்ட காட்டு மக்களும், குதிரைகளும் ஒன்றாகச் சாகிறார்கள். வந்து இறங்கிய சீலாந்துப் பெண் நிதானமாக விளக்கம் சொல்கிறாள்: நாம் மேலான இனம், பழைய இனம் வழிவிட்டுத்தான் ஆக வேண்டும், அதற்காக வருந்தக்கூடாது. டேவிட்டின் தகப்பன் செய்த பிரசங்கத்துக்கும் இதற்கும் எனக்கு அதிக தூரம் தெரியவில்லை. பட்லரின் ஊமைகள் இந்த விமானத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ரேச்சல் இன்னும் வாக்னுக்கில் இருக்கிறாள். அவளைப் போய் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்கும்போது எரிபொருள் போதாது என்று பதில் வருகிறது. பெட்ராவுக்காக உலகத்தைச் சுற்றி வந்த விமானம், அடுத்த ஊரில் இருக்கிற ரேச்சலுக்காகத் திரும்பாது. துரத்தி வந்த கும்பலோடு சேர்ந்திருந்து உள்ளிருந்தபடியே உதவிய மைக்கேல், தனக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, ரேச்சலிடம் போகிறேன், இருவரும் எப்படியாவது வந்துசேர்வோம் என்கிறான். நாவல் விமானத்தோடு போய்விடுகிறது. டேவிட் சிறுவயதில் கனவில் கண்ட நகரம் கண்முன் விரிகிறது.

எங்கள் கூடத்தில் இந்த முடிவைப் படித்தபோது பெரும்பாலான பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது. அவ்வளவு துன்பத்துக்குப் பிறகு ஒரு விமானம் வந்தால் யார்தான் கைதட்டமாட்டார்கள்? கடைசி நாற்காலிப் பையன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தான். "அந்த லெட்டர எரிக்கலைன்னா இவங்க ஒருத்தரும் பிளேன் ஏறியிருக்க முடியாது" என்றான். "ஏறின பிறகு ஒருத்தராவது அவளுக்காக இறங்கியிருக்கணும்." மைக்கேல் இறங்கினானே என்றேன். "அவன் லவ் பண்றான், அதனால இறங்கினான். மத்தவங்க?" இதற்கு, முன்வரிசையில் இருந்த பெண் சண்டைக்கு வந்தாள். பெட்ரா சின்னப் பிள்ளை, அவளை விட்டுவிட்டு எப்படி இறங்குவது என்றாள். காவலாளி வந்து விளக்கை அணைக்கப் போகிறேன் என்று சொல்லும்வரை இது ஓடியது.

எனக்கு இந்த வழக்கில் பையன் பக்கம்தான். உலகம் அழிந்த பிறகு நடக்கிற போராட்டக் கதை ஒன்றைக் கையில் எடுத்தால், யார் தப்பினார்கள் என்பதைவிட யாரைக் கீழே விட்டுவிட்டுத் தப்பினார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன். விண்டம் அந்தக் கணக்கை ஒளிக்கவில்லை. பெயரோடு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதனால்தான் அந்த நாவல் இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னிடம் சண்டை போடுகிறது.

இப்போது பிள்ளைகள் ரேச்சலின் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மைக்கேல் ஊருக்குள் எந்தப் பொய்யைச் சொல்லி நுழைவான், துரத்தப் போனவர்கள் செத்துப்போனதற்கு என்ன காரணம் சொல்வான், இரண்டு பேரும் கடற்கரைக்குப் போக எத்தனை ஊரைத் தாண்ட வேண்டும், ஒவ்வோர் ஊரிலும் எந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு பெரிய தாளில் வரைபடமே போட்டாகிவிட்டது. வழியில் ரேச்சலுக்குக் குழந்தை பிறந்தால் சான்றிதழுக்கு யாரிடம் போவாள் என்று பையன் கேட்டான். அந்தப் பகுதியை எழுதும் பொறுப்பை அவனிடமே கொடுத்திருக்கிறேன்.